நுரையீரல் புற்றுநோய்க் கதிர்வீச்சுக்கு நானோ துகள் துணை: ஆய்வக மேசையிலிருந்து லினாக் மேசை வரை

சென்னையில் எந்த அரசு மருத்துவமனை வராண்டாவிலும் 'கரண்ட் வைக்கிறாங்க' என்றால் போதும், கதிர்வீச்சு சிகிச்சை என்று புரிந்துவிடும். அந்தக் கதிரைத் தரும் இயந்திரம்தான் லினாக். நுரையீரல் புற்றுநோயில் அறுவைக்கு வராத மூன்றாம் நிலைக் கட்டிக்கு வழக்கமான கணக்கு 60 கிரே (உடல் வாங்கும் கதிரின் அலகு). ஒரு சிட்டிங்குக்கு 2 கிரே வீதம் 30 சிட்டிங், ஆறு வாரம், கூடவே கீமோ.

இதற்குப் பிறகும் பலருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்ப வருகிறது. அப்படியானால் டோஸைக் கூட்டலாமே என்று யாருக்கும் தோன்றும். அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆர்டிஓஜி 0617 என்ற அமெரிக்க ஆய்வில் ஒரு சாராருக்கு 60 கிரே, இன்னொரு சாராருக்கு 74 கிரே கொடுத்தார்கள். 2015-இல் வெளியான முடிவில், 60 கிரே வாங்கியவர்களின் இடைநிலை ஆயுள் 28.7 மாதம், 74 கிரே வாங்கியவர்களுக்கு 20.3 மாதம். கூட்டிய டோஸால் கட்டியிலும் லாபம் இல்லை; இதயமும் உணவுக்குழாயும் நல்ல நுரையீரலும் வாங்கிய அடி இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நானோ துகளுக்கான தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது: வெளியிலிருந்து விழும் கதிரைக் கூட்டாமல், கட்டிக்குள் மட்டும் அதே கதிரின் வலுவைக் கூட்ட வேண்டும்.

இந்த வழிகாட்டி மருத்துவ இயற்பியல், மருந்தியல், புற்றுநோயியல் துறைகளில் இந்த ஆய்வைத் தொடங்குபவர்களுக்கானது. நோயாளியின் குடும்பத்தினருக்கான குறிப்பும் பின்னால் உண்டு. வாசிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கதிர் விழும் அந்தச் சில நிமிடங்களில், துகளோ மருந்தோ கட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது? இதற்கு அளந்த எண் இல்லாத ஆய்வு, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், பாதி ஆய்வுதான்.

படி 1: உலோகமா, மருந்து வண்டியா? முதலில் கணக்குப் போடுங்கள்

நானோ துகள் கதிர்வீச்சுக்கு இரண்டு விதமாக உதவும். தங்கம் (அணு எண் 79), ஹாஃப்னியம் (72), காடோலினியம் (64) போன்ற கனமான உலோகங்கள் கதிரைத் தண்ணீரைவிட அதிகம் உறிஞ்சி, சுற்றிலும் எலக்ட்ரான்களைச் சிதறவிடும். அது ஒரு வழி. இன்னொன்றில் துகள் வெறும் வண்டி. சிஸ்பிளாட்டின், பாக்ளிடாக்சல் போன்று செல்லைக் கதிருக்கு எளிதில் பலியாக்கும் மருந்தை அது ஏற்றிச் செல்லும்.

உலோக வழியின் புகழுக்கு 2004-இல் வந்த ஓர் எலி ஆய்வு முக்கியக் காரணம். 1.9 நானோமீட்டர் தங்கத் துகளை நரம்பு வழி ஏற்றி, 250 கிலோவோல்ட் எக்ஸ் கதிர் கொடுத்ததில், ஓராண்டு கழித்து 86 சதவீத எலிகள் உயிரோடு இருந்தன. கதிர் மட்டும் வாங்கியவற்றில் 20 சதவீதம்தான். இந்த எண்ணைக் காட்டித் திட்ட அறிக்கை எழுதுபவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

முதல் விஷயம் கதிரின் ஆற்றல். ஒளிமின் விளைவு (அணு கதிரை முழுதாக உறிஞ்சி எலக்ட்ரானை வெளியே தள்ளுவது) அணு எண்ணின் மூன்று, நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும், ஆனால் ஆற்றல் கூடினால் அதன் மும்மடிக்கு ஏற்பச் சரியும். தங்கத்தின் கே விளிம்பு, அதாவது அதன் உறிஞ்சல் திடீரென்று எகிறும் ஆற்றல், 80.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட். நம் மருத்துவமனை லினாக்கில் வருவது 6 மெகாவோல்ட் கதிர், அதன் சராசரி ஆற்றலே 2 மெகா எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டியது. அங்கே காம்ப்டன் சிதறல்தான் (கதிர் எலக்ட்ரானில் மோதிச் சிதறுவது) ஆட்சி, அது அணு எண்ணைக் கண்டுகொள்வதில்லை. 2005-இல் வந்த மான்டி கார்லோ கணக்கின்படி (கதிரின் போக்கைக் கணினியில் போலச் செய்து பார்ப்பது), ஒரு கிராம் கட்டிக்கு 7 மில்லிகிராம் தங்கம் இருந்தால் 140 கிலோவோல்ட்டில் டோஸ் இரட்டிப்பாகிறது. 4, 6 மெகாவோல்ட்டில் 30 மில்லிகிராம் வரை ஏற்றினாலும் கூடுவது 1 முதல் 7 சதவீதம்தான். செல் ஆய்வுகளில் இதைவிடப் பெரிய விளைவு தென்படுவது உண்மை. துகளைச் சுற்றிய நானோமீட்டர்களில் குவியும் ஆஜர் எலக்ட்ரான்கள், ஆக்சிஜன் தீவிரக் கூறுகள், செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் குறைவது என்று காரணங்கள் உண்டு. ஆனால் அவற்றை இயற்பியல் டோஸ் உயர்வு என்று எழுதக் கூடாது. தரமணியில் 2019 முதல் இயங்கும் புரோட்டான் மையத்தை மனதில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: ஃபோட்டானுக்குப் போட்ட ஒளிமின் கணக்கு புரோட்டானுக்கு ஒத்துவராது.

இரண்டாவது விஷயம் அளவு. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டியின் கனஅளவு சுமார் 65 மில்லிலிட்டர். கிராமுக்கு 7 மில்லிகிராம் என்றால் கட்டிக்குள் 0.46 கிராம் தங்கம் வேண்டும். நரம்பில் ஏற்றிய நானோ துகளில் கட்டியைச் சேர்வது இடைநிலையாக 0.7 சதவீதம் என்று 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். வகுத்துப் பாருங்கள்: ஏற்ற வேண்டியது 65 கிராம். எட்டுப் பவுன் தங்கத்தை ஒருவரின் நரம்பில் ஏற்றுவது! அந்த 0.7 சதவீதமும் பெரும்பாலும் எலிக் கணக்கு. எலியின் கட்டி அதன் உடல் எடையில் பெரிய பங்கு, மனிதருக்கு அப்படி இல்லை என்பதால் நிலைமை இன்னும் மோசம்.

இதே கட்டிக்கு ஹாஃப்னியம் ஆக்சைடை ஊசியால் நேராகக் கட்டிக்குள் செலுத்தினால் கணக்கு தலைகீழாக மாறும். என்பிடிஎக்ஸ்ஆர்3 என்ற 50 நானோமீட்டர் துகளை மென்திசு சார்கோமாவில் (தசை, கொழுப்பு போன்ற திசுவில் வரும் புற்றுநோய்) சோதித்தபோது, கட்டிக் கனஅளவில் 10 சதவீதம், மில்லிலிட்டருக்கு 53.3 மில்லிகிராம் என்று கொடுத்தார்கள். நம் 65 மில்லிலிட்டர் கட்டிக்கு அது 6.5 மில்லிலிட்டர், சுமார் 350 மில்லிகிராம். அந்த ஆய்வில் நோய்க்கூறியல்படி கட்டி கிட்டத்தட்ட முழுதாகக் கரைந்தவர்கள் கதிர் மட்டும் வாங்கியோரில் 8 சதவீதம், துகளும் சேர்த்து வாங்கியோரில் 16 சதவீதம். 2019-இல் ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ அனுமதி முத்திரையும் கிடைத்தது, சார்கோமாவுக்கு மட்டும். நுரையீரலில் இன்னும் சோதனைக் கட்டம்தான்.

ஆகவே எங்கள் பரிந்துரை: நுரையீரல் கட்டிக்கு நரம்பு வழித் தங்கத்தில் இறங்காதீர்கள். ஊசி எட்டும் கட்டி என்றால் நேர் ஊசி உலோகம். எட்டாது என்றால் மருந்து வண்டி. தங்கம் கற்றுக்கொள்ள நல்லது, அதற்கு மேல் இந்த உறுப்பில் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நடுவில் ஒரு பாதை காடோலினியம். ஏஜிக்ஸ் எனப்படும் துகள் 5 நானோமீட்டரை ஒட்டிய அளவுதான், சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும், எம்ஆர்ஐயில் தெரியும். பிரான்சில் மூளைக்குப் பரவிய கட்டிகளுக்குக் கிலோவுக்கு 15 முதல் 100 மில்லிகிராம் வரை கொடுத்து முதற்கட்ட ஆய்வு முடித்தார்கள். நுரையீரலில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு: கூடவே சிஸ்பிளாட்டின் ஓடினால் இரண்டும் ஒரே சிறுநீரகத்தின் வாசலில் நிற்கும். அப்படிப்பட்ட திட்டத்தில் கார்போபிளாட்டினுக்கு மாறுவதே விவேகம்.

மூச்சு வழி கொடுக்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். நெபுலைசரில் 1 முதல் 5 மைக்ரோமீட்டர் துளிகள் கீழ் மூச்சுக்கிளைகள் வரை போகும், சரிதான். ஆனால் கட்டி அடைத்திருக்கும் கிளைக்குள் காற்றே போகாது. மருந்து நல்ல நுரையீரலில் படியும், அதே நல்ல நுரையீரலில் கதிரும் விழும். நாம் விரும்பியதற்கு நேர் எதிர். காசநோய் வந்து தழும்பேறிய நுரையீரல்கள் நம் ஊரில் ஏராளம் என்பதால் படிவு இன்னும் தாறுமாறாகும். கதிர்வீச்சோடு சேர்த்து இதைத் தொடக்க ஆய்வாக எடுக்க வேண்டாம்.

படி 2: துகளைச் செய்வது

மருந்து வண்டிக்கு எடுத்துக்காட்டாகச் சிஸ்பிளாட்டின் ஏற்றிய லிப்போசோம் (கொழுப்புப் படலத்தாலான நுண் உருண்டை). லிப்பிட் (கொழுப்பு) விகிதத்துக்கு டாக்ஸில் என்ற லிப்போசோம் மருந்தின் எடைக் கணக்கையே எடுக்கலாம்: ஹைட்ரஜனேற்றிய சோயா பாஸ்ஃபாடிடில்கோலின் மூன்று பங்கு, கொலஸ்டிரால் ஒரு பங்கு, பெக் 2000 (துகளை இரத்தத்தில் காக்கும் பாலிமர் பூச்சு) இணைத்த டிஎஸ்பிஇ என்ற லிப்பிட் ஒரு பங்கு. 10 மில்லிலிட்டருக்கு முறையே 96, 32, 32 மில்லிகிராம். பெக் லிப்பிட் ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், குப்பியை −20 டிகிரியிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். டெசிகேட்டரில் (ஈரம் புகாத கலன்) அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறந்து, விரைவாக எடை போடுங்கள்.

மூன்றையும் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையில் ரோட்டரி எவாப்பரேட்டரில் சுழற்றி மெல்லிய படலமாக்குங்கள். படலம் ஒரே சீராக, சற்றே மங்கலாக இருக்க வேண்டும். திட்டுத்திட்டாக இருந்தால் வெற்றிடத்தை மெதுவாகக் கூட்டியிருக்க வேண்டும் என்று அர்த்தம். இரவு முழுக்க வெற்றிடத்தில் வைத்துக் குளோரோஃபார்ம் எச்சத்தை எடுத்துவிடுங்கள். பிறகு 0.9 சதவீத சோடியம் குளோரைடில் கரைத்த சிஸ்பிளாட்டினை 65 டிகிரிக்குச் சூடாக்கிப் படலத்தில் ஊற்றிச் சுழற்றுங்கள். அதே சூட்டில் 400, 200, 100 நானோமீட்டர் பாலிகார்பனேட் சவ்வுகள் வழியே வரிசையாக, ஒவ்வொன்றிலும் பத்து முறையாவது தள்ளுங்கள். எக்ஸ்ட்ரூடர் (சவ்வு வழியே தள்ளும் கருவி) ஆறினால் லிப்பிட் இறுகிச் சவ்வு கிழியும். கையில் திடீரென்று தள்ளுவது சுலபமானால் மகிழ வேண்டாம், சவ்வு போய்விட்டது.

சிஸ்பிளாட்டினில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. நன்றாகக் கரைகிறதே என்று டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைப்பது முதல் தவறு. டிஎம்எஸ்ஓ பிளாட்டினத்தோடு பிணைந்து மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும். செல் ஆய்வில் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். வெறும் தண்ணீரிலோ டெக்ஸ்ட்ரோஸிலோ கரைப்பது இரண்டாவது. குளோரைடு இல்லாவிட்டால் மூலக்கூறு நிலைக்காது. மூன்றாவது, அலுமினியம் கலந்த ஊசி. பட்டதும் கறுத்த படிவு வரும்.

உள்ளே போகாத மருந்தை டயாலிசிஸில் நீக்கி, உள்ளே உள்ள பிளாட்டினத்தை ஐசிபி-எம்எஸ்ஸில் (உலோகத்தை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் கருவி) அளங்கள். 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியால் கிருமி நீக்குங்கள். ஆட்டோகிளேவ் வேண்டவே வேண்டாம். வடிகட்டிய பின் மீண்டும் பிளாட்டினம் அளக்காமல் விட்டால், வடிகட்டியில் தங்கிப்போன பங்கு தெரியாமல் எல்லா டோஸும் தவறும்.

அடுத்து, மருந்து வெளியே வருகிறதா என்ற சோதனை. இதைத் தட்டிக்கழித்ததன் விலை நுரையீரல் புற்றுநோய் வரலாற்றிலேயே இருக்கிறது. எஸ்பிஐ-77 என்ற பெக் பூசிய லிப்போசோம் சிஸ்பிளாட்டின் இரத்தத்தில் நெடுநேரம் சுற்றியது, சிறுநீரகத்தையும் பெரிதாகத் தொடவில்லை. ஆனால் நோயாளிகளில் பலனும் இல்லை. வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது, கதவு திறக்கவில்லை. 37 டிகிரியில், பாதி சீரம் கலந்த கரைசலில், 1, 4, 24, 72 மணி நேரத்தில் வெளிவந்த பிளாட்டினத்தை அளங்கள். பிஎச் 7.4-இலும் 5.5-இலும் தனித்தனியாகச் செய்யுங்கள். 72 மணி நேரத்தில் சில சதவீதம்தான் வெளிவருகிறது என்றால் கொலஸ்டிராலைக் குறையுங்கள், அல்லது குறைந்த வெப்பத்தில் உருகும் லிப்பிட்டைக் கலந்து பாருங்கள்.

தங்கத்தில் கை பழக விரும்புவோருக்கு: 100 மில்லிலிட்டர் தூய நீரில் 39.4 மில்லிகிராம் குளோரோஆரிக் அமில டிரைஹைட்ரேட்டைக் கரைத்துக் கொதிக்க விட்டு, 10 மில்லிலிட்டரில் கரைத்த 114 மில்லிகிராம் டிரைசோடியம் சிட்ரேட்டை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மஞ்சள் மறைந்து, கறுத்து, பின் ஒயின் சிவப்பாகும். கிடைப்பது சுமார் 13 நானோமீட்டர் துகள், ஒளி உறிஞ்சும் உச்சம் 520 நானோமீட்டரை ஒட்டி. நீலமாகவோ ஊதாவாகவோ முடிந்தால் குடுவை சுத்தமில்லை. ராஜதிராவகத்தால் கழுவி மறுபடி தொடங்குங்கள். கிடைத்த கரைசலில் மில்லிலிட்டருக்குத் தங்கம் 179 மைக்ரோகிராம்தான். செல்லுக்கு 200 கொடுத்தேன் என்று எழுத வேண்டுமானால் செறிவூட்டியாக வேண்டும். அதற்கு முன் தயால் பெக் 5000 பூச வேண்டும், இல்லையென்றால் சுழற்றும்போதே அடியில் கட்டியாகிவிடும்.

படி 3: செல்லுக்குக் கொடுக்கும் முன் சோதனைகள்

டிஎல்எஸ்ஸில் (ஒளிச் சிதறலால் துகளை அளக்கும் கருவி) அளவும் பிடிஐயும் (துகள்கள் எவ்வளவு சீரான அளவில் இருக்கின்றன என்ற எண்). லிப்போசோமுக்குப் பிடிஐ 0.2-க்குள் இருப்பது நல்லது. 5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வெளியேற்றும், 200-க்கு மேலே போனால் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் அளந்தது போதாது. 10 சதவீத சீரம் கலந்த ஆர்பிஎம்ஐ ஊடகத்தில் 24 மணி நேரம் வைத்து மீண்டும் அளங்கள். தண்ணீரில் சமர்த்தாக இருந்த துகள் உப்பைக் கண்டதும் ஒட்டிக்கொள்வது அன்றாடக் கதை.

எண்டோடாக்சின் (பாக்டீரியா விட்டுச்செல்லும் நஞ்சு) அளக்காமல் எலிக்குப் போகாதீர்கள். நரம்பு வழி மருந்துக்கு உச்சவரம்பு மணிக்குக் கிலோவுக்கு 5 அலகு. தங்கத் துகள் நிறம் பார்க்கும் சோதனைகளைக் குழப்பும் என்பதால், தெரிந்த அளவு எண்டோடாக்சினைக் கலந்து அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். இரத்தச் சிவப்பணு உடைவு 5 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும்.

கிண்டியில் செய்து நகரின் மறுகோடி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது சென்னையில் சாதாரணம். ஐஸ் பொட்டலத்தோடு குப்பி நேராக ஒட்டினால் லிப்போசோம் உறைந்து மருந்து கசியும். நடுவில் தெர்மாகோல் வைத்து 2 முதல் 8 டிகிரி காக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை அளவு பாருங்கள்.

படி 4: செல் ஆய்வு

ஏ549, எச்460 இரண்டும் எளிதில் கிடைக்கும் நுரையீரல் செல் வரிசைகள். மைக்கோபிளாஸ்மா சோதனை முடித்த செல்லையே பயன்படுத்துங்கள்.

முதலில் உள்வாங்கும் வரைபடம். 2, 6, 12, 24 மணி நேரத்தில் செல்லைக் கழுவி, ஒரு செல்லுக்கு எத்தனை பிகோகிராம் என்று ஐசிபி-எம்எஸ்ஸில் எடுங்கள். உச்சம் எப்போதோ அப்போதுதான் கதிர். இதைச் செய்யாமல் '24 மணி நேரம் வைத்தோம்' என்று பழக்கத்தால் எழுதும் ஆய்வுகள் பல. பெக் பூச்சு இரத்தத்தில் காக்கும், ஆனால் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் என்பதையும் இங்கேதான் எண்ணாகப் பார்ப்பீர்கள்.

லினாக்கில் செல்லை வைப்பது பலர் சறுக்கும் இடம். 6 மெகாவோல்ட்டில் டோஸ் உச்சம் சுமார் 1.5 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் வரும். தட்டை வெறும் மேசையில் வைத்து மேலிருந்து கொடுத்தால் செல்லுக்கு என்ன போனது என்றே தெரியாது. 5 சென்டிமீட்டர் திடநீர்ப் பலகை மேல் தட்டை வைத்து, மேலேயும் 5 சென்டிமீட்டர் பலகை வைத்து, கேன்ட்ரியை (லினாக்கின் சுழலும் பகுதி) 180 டிகிரிக்குத் திருப்பிக் கீழிருந்து கொடுங்கள். செல் தட்டின் அடியில் ஒட்டியிருப்பதால் ஆழம் சரியாகத் தெரியும். மேசை உறிஞ்சும் பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டும். தட்டின் இடைவெளிக் காற்றை போலஸ் (திசு போன்ற மென்பொருள்) வைத்து அடையுங்கள். அயனி அறையால் அளந்து, கதிர் ஃபிலிமையும் தட்டின் அடியில் வைத்து ஒருமுறையாவது சரிபாருங்கள். நோயாளிகள் முடிந்த பிறகே லினாக் கிடைக்கும் என்பதால், துகள் சேர்க்கும் நேரத்தை இரவு எட்டரைக்கு ஏற்பப் பின்னோக்கிக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அளவுகோல் காலனி உருவாக்கும் சோதனை, எம்டிடி (செல்லின் சுறுசுறுப்பை நிறத்தால் பார்க்கும் சோதனை) அல்ல. கதிர் பட்ட செல் சில நாள் உயிரோடும் சுறுசுறுப்போடும் இருக்கும், ஆனால் பெருகாது. எம்டிடி அதை 'உயிர்' என்று எண்ணிவிடும். போதாததற்கு எம்டிடி படிக்கும் 570 நானோமீட்டருக்குப் பக்கத்திலேயே தங்கமும் ஒளியை உறிஞ்சும். ஏ549-க்குத் தொடக்கமாக 0, 2, 4, 6, 8 கிரேக்கு முறையே 200, 400, 1000, 3000, 8000 செல் விதைத்துப் பாருங்கள். 10 முதல் 14 நாள் கழித்துக் கிரிஸ்டல் வயலட்டில் சாயமேற்றி, 50 செல்லுக்கு மேல் உள்ள காலனிகளை மட்டும் எண்ணுங்கள்.

குழுக்களில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்றுமில்லாதது, வெறும் வண்டி, வண்டியில் மருந்து, வண்டியில்லாத மருந்து, இவை நான்கும் கதிரோடும் கதிரின்றியும். துகள் தனியே எத்தனை செல்லைக் கொன்றது என்பதை வகுத்து நீக்கிய பிறகே கதிர் வளைகோடு வரைய வேண்டும். இல்லையென்றால் நஞ்சை ஊக்கம் என்று படிப்பீர்கள். 10 சதவீத உயிர்ப்புக்குத் தேவையான டோஸ், துகள் இல்லாமல் எவ்வளவு, துகளோடு எவ்வளவு என்ற விகிதம்தான் ஊக்க விகிதம். அது 1.2-ஐத் தாண்டாவிட்டால் எலிக்குப் போகும் அவசரம் வேண்டாம் என்பது எங்கள் கணிப்பு. மூன்று முறை செய்வது என்றால் வெவ்வேறு நாள் மூன்று முறை. ஒரே தட்டின் மூன்று குழிகள் ஒரு முறைதான்.

டிஎன்ஏ இரட்டை முறிவுக்குக் காமா எச்2ஏஎக்ஸ் (முறிந்த இடத்தைக் காட்டும் புரதம்) புள்ளிகளை 30 நிமிடத்திலும் 24 மணி நேரத்திலும் எண்ணுங்கள். சிஸ்பிளாட்டின் பழுதுபார்ப்பைத் தடுக்கிறது என்றால் வேறுபாடு 24 மணி நேரத்தில்தான் அதிகம் தெரியும்.

படி 5: எலி, பிறகு தாள்கள்

நிறுவன விலங்கு நெறிக்குழு ஒப்புதல் கைக்கு வரும் முன் எலி வாங்காதீர்கள். கட்டி, நல்ல நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் பிளாட்டினத்தை நேரவாரியாக அளங்கள். கட்டிக்கும் நல்ல நுரையீரலுக்குமான விகிதமே இந்த உறுப்பில் உயிர்நாடி. கட்டியில் இரட்டிப்பும் நுரையீரலில் இரட்டிப்பும் என்றால் எதுவும் சாதிக்கவில்லை. முதல் கதிரே இரத்தக் குழாயைத் தளர்த்தி, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களை வரவழைத்து, பின்னால் வரும் துகளைக் கட்டிக்குள் கூடுதலாக இழுக்கும் என்று எலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே துகள் முன், கதிர் முன் என்ற இரண்டு வரிசையையும் சோதியுங்கள். சுண்டெலிக்குக் கிலோவுக்குக் கொடுத்த டோஸை 12.3-ஆல் வகுத்தால் மனிதருக்குச் சமமான தொடக்க மதிப்பீடு கிடைக்கும்.

மனிதர் கட்டத்துக்கு 2019-இன் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி படிவம் சிடி-04-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு விண்ணப்பம் போகும். அதே 2019-இல் உயிரித் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட நானோ மருந்து மதிப்பீட்டு வழிகாட்டுதலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தரவைத் தொகுங்கள். அளவு, மேற்பரப்பு, வெளியேற்றம் எல்லாவற்றையும் அது தனித்தனியாகக் கேட்கும். நெறிக்குழு ஒப்புதலும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளின் இந்தியப் பதிவேடு) பதிவும் கட்டாயம். தமிழ் ஒப்புதல் படிவத்தில் 'நானோ துகள்' என்று மட்டும் எழுதிவிட்டு நகரக் கூடாது. உடலை விட்டு எப்போது போகும், போகாவிட்டால் எங்கே தங்கும் என்று எழுத வேண்டும்.

படி 6: சிகிச்சைத் திட்டமும் லினாக் மேசையும்

நாலு பரிமாண சிடி (மூச்சு அசைவையும் சேர்த்து எடுப்பது) இல்லாமல் தொடங்க வேண்டாம். உதரவிதானத்தை ஒட்டிய கட்டி மூச்சில் 2 சென்டிமீட்டருக்கு மேலும் நகரும். உலோகத் துகள் ஊசியானால் திட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சிடியின் கிலோவோல்ட் கதிருக்கு ஹாஃப்னியம் பளீரென்று தெரியும், கணினி அதை எலும்பு என்று எடுத்துக்கொள்ளும். ஊசிக்கு முன் எடுத்த சிடியில் டோஸ் கணக்கைப் போட்டு, ஊசிக்குப் பின் எடுத்ததை இடம் பார்க்க மட்டும் வையுங்கள். அல்லது அந்தப் பகுதியின் அடர்த்தியைக் கையால் மாற்றிக் கொடுங்கள். அந்தப் பளீர் வெள்ளையால் ஒரு நன்மையும் உண்டு: லினாக் மேசையிலேயே எடுக்கும் தினசரி கோன் பீம் சிடியில் துகள் அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

துகள் இருக்கிறது என்பதற்காக நல்ல உறுப்பின் வரம்பைத் தளர்த்தக் கூடாது. நுரையீரலில் 20 கிரே வாங்கும் பங்கு 35 சதவீதத்துக்குள், சராசரி 20 கிரேக்குள், தண்டுவடம் 45 கிரேக்குள், உணவுக்குழாய்ச் சராசரி 34 கிரேக்குள். இவை துகள் இல்லாத உறுப்புக்கு வகுத்த எண்கள் என்பதால், மருந்து வண்டி ஆய்வில் இவற்றை இன்னும் இறுக்குவதே சரி. ஜெம்சிட்டபைன் என்ற கீமோ மருந்தை நெஞ்சுக் கதிரோடு முழு டோஸில் சேர்த்தபோது நேர்ந்த கடுமையான நுரையீரல் அழற்சியை மறக்க வேண்டாம். வலுவான ஊக்கி நல்ல திசுவையும் ஊக்கும்.

ஏற்கெனவே சந்தையில் உள்ள நானோ மருந்து ஆல்புமின் பிணைத்த பாக்ளிடாக்சல், துகள் அளவு சுமார் 130 நானோமீட்டர். சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2012-இல் ஒப்புதல் பெற்றது. கார்போபிளாட்டினோடு வாரம் ஒருமுறை சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் என்பது கதிர் இல்லாத டோஸ். அதை அப்படியே நெஞ்சுக் கதிரோடு சேர்த்துவிடாதீர்கள். சாதாரண பாக்ளிடாக்சலே கதிரோடு 45 முதல் 50 வரைதான் போகிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே மில்லிகிராமில் மாற்றுவதும் தவறு.

செவிலியருக்கான குறிப்பு: 100 மில்லிகிராம் குப்பியில் 20 மில்லிலிட்டர் சலைனைக் குப்பியின் உள்சுவரில் படும்படி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக விடுங்கள். தூளின் மேல் நேராகப் பீய்ச்சினால் நுரைக்கும். ஐந்து நிமிடம் ஊற விட்டு, இரண்டு நிமிடம் மெல்லச் சுழற்றுங்கள். குலுக்கக் கூடாது. நுரைத்துவிட்டால் 15 நிமிடம் காத்திருங்கள். 30 நிமிடத்தில் ஏற்றலாம், 15 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த வடிகட்டியைக் குழாயில் போடக் கூடாது. சுற்றின் முதல் நாளில் நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளையணு) 1500-க்குக் கீழே என்றால் அன்று மருந்து இல்லை. லிப்போசோம் என்றால் முதல் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை: முகம் சிவத்தல், முதுகுவலி, மூச்சிறுக்கம் வந்தால் உடனே நிறுத்தி, அடங்கிய பின் மிக மெதுவாகத் தொடங்குங்கள்.

ஊசி வழித் துகளுக்கு நுரையீரல் ஓட்டை விழுந்து காற்று புகுவது முக்கிய ஆபத்து. ஊசி முடிந்த சில மணி நேரத்தில் மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

நோயாளி வீட்டாருக்கு

நுரையீரல் புற்றுநோய்க்கென்று ஒப்புதல் பெற்ற உலோக நானோ கதிரூக்கி எதுவும் இன்று இல்லை. யாராவது காசு கேட்டுக் 'கரண்டோடு நானோ' என்று சொன்னால் சிடிஆர்ஐ பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வு மருந்துக்கு நோயாளி பணம் கட்டத் தேவையில்லை. வழக்கமான கதிரும் கீமோவும் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கும். ஆய்வில் சேராததால் அந்தச் சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது.

தங்க பஸ்பமும் நானோதானே என்று கேட்பவர்கள் உண்டு. பொடி சிறியது என்பதால் மட்டும் அது கட்டிக்குப் போகாது. வாய்வழி உள்ளே போனது இரத்தத்தில் எவ்வளவு சேரும், எங்கே படியும் என்ற கணக்கு அதற்கு இல்லை. பாதரசம் போன்ற கன உலோகம் கலந்திருந்தால் கீமோவில் ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைத்தால், கிரியாட்டினின் (சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் அளவு) ஏறியதற்குக் காரணம் தெரியாமல் ஆய்வுத் துகள் மேல் பழி விழும்.

படி 7: முடிந்த பிறகு

கதிர் முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், மூச்சிரைப்பு, லேசான காய்ச்சல் வந்தால் கதிர் நுரையீரல் அழற்சியை நினையுங்கள். ஆனால் நம் ஊரில் ஸ்டீராய்டைத் தொடுவதற்கு முன் சளியில் காசநோய் பார்த்துவிட வேண்டும். பிரெட்னிசலோன் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாக இறக்குவது வழக்கம். சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்ப வரும்.

பின்தொடர் சிடியைப் படிக்கும் ரேடியாலஜிஸ்டுக்கு ஊசித் துகள் பற்றிச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஹாஃப்னியம் கட்டி சுருங்கிய பின்னும் அதே இடத்தில் வெள்ளையாகவே இருக்கும். தெரியாதவர் கால்சியம் என்று எழுதுவார், அல்லது விட்டம் மாறவில்லை, பலனில்லை என்று முடிப்பார். கதிர் முடிந்து மூன்று மாதம் வரை பெட் சிடியில் அழற்சியே ஒளிரும், அதற்குள் அவசரப்பட்டு மீதிக் கட்டி என்று முடிவு கட்ட வேண்டாம். நோயாளியின் கோப்பில் துகளின் பெயர், மில்லிகிராம், தொகுதி எண், ஊசி போட்ட தேதி நான்கும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஐந்து வருடம் கழித்து வேறொரு மருத்துவமனையில் சிடி எடுக்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் தேடுவார்கள்.